ஹந்தானைச் சாரலில் உயிரின் மூலத்தைத் தேடியவர்

கண்டி நகரின் நெரிசலை விட்டு விலகி ஹந்தானை மலையை நோக்கி ஏறும் வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைந்திருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் சென்றுவரும் தோட்டத் தொழிலாளருக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது அரசாங்க அலுவலகங்களுள் ஒன்று, அவ்வளவே. ஆயினும், இப்பூமியில் உயிர் எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்குத் தம் வாழ்நாளையே ஈந்த ஒரு விஞ்ஞானி, உலகின் முன்னணி ஆய்வுகூடங்களில் பெற்ற அனுபவத்தை இந்த மலைச்சாரலுக்குக் கொண்டுவர முயன்றார் என்பதை இன்றைய தலைமுறையினருள் அறிந்தோர் சிலரே. கலாநிதி சிறில் பொன்னம்பெரும என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு அந்நியமாக ஒலிப்பதன்று. எனினும் எமது மொழியில் அவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

அவர் 1923 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் திகதி காலியில் பிறந்தார். காலி புனித அலோசியஸ் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் கற்றார். பின்னர் அவர் சென்ற இடம் இலண்டன் அன்று, சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948 ஆம் ஆண்டு அவர் பெற்ற இளமாணிப் பட்டம் மெய்யியலுக்கு உரியது. பிற்காலத்தில் நாசாவின் ஆய்வுகூடத்தில் வாயுக்களையும் கதிர்களையும் கொண்டு சோதனைகள் நிகழ்த்திய ஒருவர் மெய்யியல் மாணவராகவே தொடங்கினார் என்பது, கலைப்பிரிவைத் தேர்ந்த பிள்ளைகளை இரண்டாம் தரமாக எண்ணும் எமது சமூகம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. உயிர் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற வினாக்கள் இரசாயனவியலாளரின் வினாக்களாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மெய்யியலாளரின் வினாக்களாக இருந்தவை. பொன்னம்பெரும வினாவை மாற்றிக்கொள்ளவில்லை. விடை தேடும் வழியை மாற்றிக்கொண்டார்.

அந்த மாற்றம் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் நிகழ்ந்தது. பகலில் தொழில் செய்வோர் மாலையில் வந்து பயிலும் மரபுடைய கல்லூரி அது. அங்கே பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர் ஜே. டி. பேர்னல். எக்ஸ் கதிர்களைக் கொண்டு புரதங்களினதும் வைரஸ்களினதும் அமைப்பை அறியும் கலைக்கு வழிகோலிய முன்னோடிகளுள் ஒருவர். உயிரின் தோற்றம் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்தவர். டி.என்.ஏ. வரலாற்றில் நீண்டகாலம் உரிய இடம் மறுக்கப்பட்ட ரோசலின்ட் பிராங்ளின் அம்மையார் தமது இறுதி ஆண்டுகளில் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸின் அமைப்பை ஆராய்ந்ததும் பேர்னலின் அந்த ஆய்வுகூடத்திலேயே. இத்தகைய சூழலிற் பயின்று, 1959 ஆம் ஆண்டு பொன்னம்பெரும இரசாயனவியலில் இளமாணிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அந்த வயதில் மீண்டும் இளமாணிப் பட்டமா என்று சிரிப்பவர்கள் எம்மிடையே இன்றும் உண்டு.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் கலிபோர்னியாவின் பேர்க்லியில் கலாநிதிப் பட்டத்தையும் முடித்துவிட்டார். அங்கு அவருக்கு வழிகாட்டியவர், தாவரங்கள் சூரிய ஒளியிலிருந்து உணவாக்கும் வழியைக் கண்டறிந்து 1961 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மெல்வின் கல்வின். 1962 இல் கலாநிதியான பொன்னம்பெரும, நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இணைந்து, விரைவிலேயே இரசாயனப் பரிணாமப் பிரிவின் தலைமையை ஏற்றார்.

இரசாயனப் பரிணாமம் என்றால் என்ன என்பதை இங்கே சற்று விளக்குதல் தகும். உயிரினங்கள் காலப்போக்கில் மாறிவந்தன என்பது பரிணாமக் கொள்கை. ஆனால் முதலாவது உயிரினம் தோன்றுவதற்கு முன்னர் என்ன நடந்தது? எளிய வாயுக்களிலிருந்து சிக்கலான மூலக்கூறுகள் படிப்படியாக உருவாகியிருக்க வேண்டும் என்று ரஷ்ய விஞ்ஞானி ஒபாரினும் பிரித்தானிய விஞ்ஞானி ஹால்டேனும் 1920 களில் எழுதினர். 1953 ஆம் ஆண்டு சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளம் மாணவர், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் தோன்றின. அமினோ அமிலங்கள் புரதத்தின் செங்கற்கள். ஆனால் உயிருக்குப் புரதம் மட்டும் போதாது. எந்தப் புரதத்தை எவ்வாறு ஆக்குவது என்ற அறிவுறுத்தலைத் தாங்கும் நியூக்கிளிக் அமிலமும் வேண்டும். அதன் எழுத்துக்கள் ஐந்து: அடினின், குவானின், சைற்றோசின், தைமின், யுராசில்.

அந்த எழுத்துக்களுள் முதலாவதான அடினினை, மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் மீது இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி ஆக்கலாம் என்பதைப் பொன்னம்பெருமவும் கல்வினும் அவர்தம் சகாக்களும் 1963 ஆம் ஆண்டு காட்டினர். ஐதரசன் சயனைட்டிலிருந்து அடினின் பெறலாம் என்று ஜுவான் ஓரோ அதற்குச் சற்று முன்னரே காட்டியிருந்தார். இருவேறு வழிகள் ஒரே மூலக்கூறில் வந்து சேர்ந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை. அதே ஆண்டில் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து, ஆதிப் பூமியில் நிலவியிருக்கக்கூடிய நிலைமைகளில் புறவூதாக் கதிரின் துணையுடன் ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறையும் அவர் ஆக்கிக் காட்டினார். ஏ.ரி.பி. என்பது ஒவ்வொரு உயிர்க்கலமும் சக்தியைச் செலவிடும் நாணயம். தசை சுருங்குவதும் நரம்பு உணர்வதும் புரதம் கட்டப்படுவதும் அந்த நாணயம் கைமாறுவதால்தான். இதனை வாசகர்கள் மனத்திலிருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

1969 ஆம் ஆண்டு ஜூலையில் மனிதன் சந்திரனில் காலடி வைத்தான். அங்கிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணில் உயிரின் மூலப்பொருட்கள் உண்டா என்று ஆராய்ந்தவர்களுள் பொன்னம்பெருமவின் குழுவும் ஒன்று. சந்திரன் ஏமாற்றமளித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மேர்ச்சிசன் என்ற சிற்றூரை அண்டி ஒரு விண்கல் விழுந்தது. சிதறிய துண்டுகள் விரைவாகச் சேகரிக்கப்பட்டமையால் பூமியின் அழுக்கு அவற்றில் அதிகம் படியவில்லை. ஏம்ஸ் நிலையத்தில் பொன்னம்பெருமவும் கெய்த் வென்வோல்டன் முதலான சகாக்களும் அக்கல்லினுள் அமினோ அமிலங்களைக் கண்டனர். 1970 ஆம் ஆண்டு டிசெம்பரில் அம்முடிவு வெளியாயிற்று.

அமினோ அமிலங்கள் அங்கே எவ்வாறு வந்தன? யாரோ தொட்ட விரலிலிருந்து ஒட்டிக்கொண்டவையாக இருக்கலாகாதா? இந்த ஐயத்தைத் தீர்த்த சான்று நயமானது. அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என இரு வடிவங்களில் அமையக்கூடியவை. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பூமியிலுள்ள உயிரினங்களின் புரதங்கள் இடக்கை வடிவத்தையே கையாளுகின்றன. மேர்ச்சிசன் கல்லில் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. அன்றியும், எமது புரதங்களில் இடம்பெறாத சில அமினோ அமிலங்களும் அங்கே காணப்பட்டன. ஆகவே அவை எவரது விரலிலிருந்தும் வந்தவையல்ல. உயிரின் செங்கற்கள் விண்வெளியிலும் உயிரின்றியே உருவாகின்றன என்பது முதன்முறையாக ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது.

1971 ஆம் ஆண்டு அவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் பேராசிரியரானார். இரசாயனப் பரிணாம ஆய்வுகூடத்தை அங்கே நிறுவி இறுதிவரை அதனை நடத்தினார். அதே ஆண்டில் வெளியான, பொதுமக்களிடையே பேசப்படாத ஓர் ஆய்வே எமது பார்வையில் அவரது வினாக்களுள் மிக ஆழமானது. சாக்சிங்கர், கார்ல் வூஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் அமினோ அமிலங்களை ஒரு திண்மப் பொருளின் மீது அசையாதவாறு பிணைத்து, நியூக்கிளியோரைட்டுகளை அவற்றின் மேலாகச் செலுத்திப் பார்த்தார். எது எதனுடன் ஒட்டுகிறது, எது நழுவிச் செல்கிறது என்பதே சோதனை. புரதத்தின் உலகும் நியூக்கிளிக் அமிலத்தின் உலகும் இருவேறு மொழிகள் பேசுபவை. முதன்முதலில் அவை ஒன்றையொன்று எவ்வாறு இனங்கண்டன? அந்த அறிமுகம் நிகழ்ந்திராவிடில் உயிர் என்பதே இல்லை.

இது பழங்கதை பற்றிய வெறும் ஆவல் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு வைரஸ் எம் உடலினுட் புகும் ஒவ்வொரு முறையும் இதே அறிமுகமே மீண்டும் நிகழ்கிறது. வைரஸ் தனித்து நின்று எதையும் செய்ய இயலாதது. அதனிடம் இருப்பது ஒரு சிறிய நியூக்கிளிக் அமிலச் சுவடியும் ஒரு கைப்பிடி புரதங்களுமே. அந்தச் சுவடியை வாசிப்பதற்கு எமது கலத்தின் புரதங்கள் வேண்டும். அவற்றை வசப்படுத்துவதற்கென்றே வைரஸ் சில புரதங்களை வைத்திருக்கிறது.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம். அதன் பரம்பரைச் செய்தி எமது கலத்தின் டி.என்.ஏ.யினுட் செருகப்பட்ட பின்னர், எமது கலத்தின் நொதியமே அதனைப் பிரதி செய்யத் தொடங்குகிறது. ஆனால் சிறிது தூரம் சென்றதும் அது நின்றுவிடுகிறது. கலம் இட்டிருக்கும் தடை அது. அப்போது டாட் என்னும் வைரஸ் புரதம், புதிதாக எழுதப்பட்ட ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்திலுள்ள ஒரு வளைவைப் பற்றிக்கொள்கிறது. மறுகையால் சைக்கிளின் ரி1 என்னும் மனிதப் புரதத்தையும் அதன் துணை நொதியத்தையும் இழுத்துவந்து நிறுத்துகிறது. தடை நீங்குகிறது, பிரதிகள் பெருக்கெடுக்கின்றன. 1998 ஆம் ஆண்டு இது கண்டறியப்பட்டபோது மற்றொரு செய்தியும் தெரியவந்தது. எலியின் கலத்தில் டாட் இந்த வித்தையைச் செய்ய முடிவதில்லை. சைக்கிளின் ரி1 புரதத்தின் 261 ஆவது இடத்தில் மனிதனிடம் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் உண்டு. எலியிடம் அவ்விடத்தில் வேறொன்று. ஓர் அமினோ அமிலத்தின் வேற்றுமை, வைரஸுக்கும் கலத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தையையே முறித்துவிடுகிறது. எந்த அமினோ அமிலம் எந்த நியூக்கிளியோரைட்டை அறியும் என்று 1971 இல் ஆராய்ந்தவர் இதனை அறிவதற்கு உயிருடன் இருக்கவில்லை.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பப்பிலோமா வைரஸின் கதையும் இத்தகையதே. அவ்வைரஸின் இ2 என்னும் புரதம், அதன் இரு கொடிய புரதங்களான இ6, இ7 என்பவை அளவுமீறி உருவாகாதவாறு அடக்கிவைக்கிறது. அதற்கு மனிதக் கலத்தின் புரதங்களின் துணையையும் நாடுகிறது. வைரஸின் டி.என்.ஏ. எமது நிறமூர்த்தத்தினுள் முறிந்து செருகப்படும்போது பெரும்பாலும் இ2 சிதைந்துபோகிறது. கட்டுப்பாடிழந்த இ6, கலத்தைக் காவல்காக்கும் பி53 என்ற புரதத்தை அழிக்கிறது. இ7 மற்றொரு காவற் புரதத்தை முடக்குகிறது. இலங்கைப் பாடசாலைகளில் 2017 ஆம் ஆண்டு முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசி இவ்வைரஸுக்கு எதிரானதே. அத்தடுப்பூசி எதற்காக என்று தயங்கும் பெற்றோருக்கு இவ்விளக்கம் உதவுமாயின் நல்லது.

இனி அவரது கண்டி வாழ்வுக்கு வருவோம். அடிப்படை விஞ்ஞானத்துக்கென ஒரு நிறுவகம் வேண்டும் என்ற எண்ணத்துடன் 1981 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கச் சட்டத்தினால் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உருவாக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்க. அவர் பிரெட் ஹொயிலுடன் இணைந்து, உயிர் பூமியில் தோன்றவில்லை, விண்வெளியிலிருந்து வந்தது என்று வாதிட்டவர். வைரஸ்களும் நோய்களும் கூட விண்ணிலிருந்து விழுகின்றன என்று 1979 ஆம் ஆண்டு நூல் எழுதியவர். அவருக்குப் பின் 1984 ஆம் ஆண்டு பொறுப்பேற்ற பொன்னம்பெருமவோ, உயிரின் செங்கற்கள் விண்வெளியிலும் கிடைக்கலாம், ஆனால் உயிர் பூமியிலேயே இரசாயன விதிகளின்படி கட்டப்பட்டது என்ற நிலைப்பாடு உடையவர். இத்தகைய இருவேறு கொள்கையினர் ஒரே சிறிய நாட்டிற் பிறந்து, ஒரே நிறுவகத்துக்கு ஒருவர்பின் ஒருவராகத் தலைமை தாங்கியமை விஞ்ஞான வரலாற்றில் ஒரு வியப்பு. வைரஸ்கள் விண்ணிலிருந்து வந்தன என்ற கருத்தை நாம் ஏற்க இயலாது. எமது கலத்தின் புரதங்களுடன் இத்துணை நுட்பமாகப் பொருந்தும் ஒன்று, எமது கலங்களுடன் நெடுங்காலம் வாழ்ந்தே அதனைக் கற்றிருக்க வேண்டும். ஓர் அமினோ அமிலம் மாறினாற் குலைந்துவிடும் உறவு வெட்டவெளியில் உருவாகக்கூடியதன்று.

நிறுவகம் ஹந்தானையில் நிலைகொண்டது பொன்னம்பெருமவின் காலத்திலாகும். அருகிற் பேராதனைப் பல்கலைக்கழகம் இருந்தது. ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் விஞ்ஞான ஆலோசகர், ஆதர் சி. கிளார்க் நிலையத்தின் பணிப்பாளர் ஆகிய பொறுப்புகளும் அவர் தோள்களில் ஏற்றப்பட்டன. மேரிலாந்து ஆய்வுகூடத்தையும் அவர் கைவிடவில்லை. இங்கே நாம் ஒளிக்காமற் கூறவேண்டிய ஒன்றுண்டு. இரு கண்டங்களில் வாழ்ந்து, இத்தனை நாற்காலிகளில் அமர்ந்த ஒருவரால் ஒரு புதிய நிறுவகத்துக்கு வேண்டிய முழுக் கவனத்தையும் அளித்திருத்தல் கடினம். ஒரே மனிதரிடம் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருப்பது எமது ஆட்சியாளரின் பழைய வழக்கம். அவர் வந்த காலமும் நல்ல காலமன்று. 1983 ஜூலையின் சாம்பல் ஆறியிருக்கவில்லை. அந்த வன்செயல்களில் மலையகத் தமிழரும் கண்டி நகரத் தமிழ் வணிகரும் பட்ட அழிவுகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. கற்றோர் கூட்டங்கூட்டமாகக் கப்பலும் விமானமும் ஏறிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து ஒருவர் எதிர்த்திசையில் வந்தார். பின்னர் 1987 முதல் 1990 வரை தென்னிலங்கையும் கண்டிப் பிரதேசமும் குருதியில் நனைந்தன. பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. 1989 ஆம் ஆண்டு பேராதனை வளாகத்திலேயே இளைஞர்களின் தலைகள் கிடத்தப்பட்டிருந்ததைக் கண்ட ஊர் இது. உயிர் எவ்வாறு தோன்றியது என்று ஆராயும் நிறுவகத்திலிருந்து சில மைல் தொலைவில் உயிர் இவ்வாறு மதிக்கப்பட்டது.

வறிய நாடொன்றுக்கு இத்தகைய ஆராய்ச்சி தேவைதானா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. நெல்லும் மருந்தும் தராத விஞ்ஞானத்துக்கு ஏன் பணம் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் அந்நிறுவகம் சூரிய சக்திக் கலங்களிலும் உயிர்ப் பசளைகளிலும் ஆற்றிய பணியை மறுமொழியாகக் காட்டலாம். ஆனால் எமது மறுமொழி வேறொன்று. அடிப்படை விஞ்ஞானம் ஊறாத சமூகத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் 2020 ஆம் ஆண்டில் அனுபவித்தோம்.

அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில், கொரோனா நோயாளர் கண்டறியப்பட்டமையால் கண்டி மாவட்டத்தின் அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், அந்நோயால் இறந்தோர் அனைவரது உடல்களும் தகனஞ் செய்யப்பட வேண்டும் என்று விதித்தது. அடக்கம் செய்யவோ தகனஞ் செய்யவோ இரண்டும் பாதுகாப்பானவையே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனைப் புறந்தள்ளி, புதைக்கப்பட்ட உடல்களிலிருந்து வைரஸ் நிலத்தடி நீரிற் கலக்கும் என்று கூறப்பட்டது. பச்சிளங் குழந்தையின் உடலும் பெற்றோரின் கதறலை மீறி எரிக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் பட்ட அவ்வேதனையை ஆற்றுவதற்கு எழுத்து போதாது. அடக்கம் செய்யும் வழக்கமுடைய கிறிஸ்தவர்களையும் அது வருத்தியது.

இப்போது நாம் முன்னர் குறிப்பிட்ட ஏ.ரி.பி.க்குத் திரும்ப வேண்டும். மனிதன் இறந்ததும் ஒட்சிசன் நிற்கிறது; கலங்களில் ஏ.ரி.பி. தீர்ந்துபோகிறது. இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைப்பதற்குக் காரணமே அதுதான். கொரோனா வைரஸ் தன் ஆர்.என்.ஏ.யைப் பிரதி செய்யும் நொதியத்தைத் தன் சுவடியிலேயே வைத்திருப்பது உண்மை. ஆனால் அந்நொதியத்தை ஆக்குவதற்கு எமது கலத்தின் இரைபோசோம் வேண்டும்; இரைபோசோம் இயங்கச் சக்தி வேண்டும். அவ்வைரஸ் முதன்முதல் ஆக்கும் புரதங்களுள் ஒன்று, எமது இரைபோசோமின் வாயிலில் ஆப்புப்போல் இறங்கி எமது புரதங்கள் ஆக்கப்படுவதைத் தடுக்கிறது என்பது அதே 2020 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால்தானே அதனைக் கைப்பற்ற முடியும்? ஓட்டம் நின்றுவிட்ட உடலில் வைரஸ் பெருகுவதில்லை, இருப்பதும் சிதைந்துபோகிறது. இது பாடசாலை உயிரியலுக்கு அப்பாற்பட்ட அறிவன்று.

இதனை நாட்டுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் கண்டி மண்ணுக்குரியவர். 2003 ஆம் ஆண்டு ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் வைரஸை இனங்கண்ட குழுவின் தலைவரான பேராசிரியர் மலிக் பீரிஸ், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் கற்று, பேராதனையில் மருத்துவம் பயின்றவர். பொன்னம்பெரும ஹந்தானைக்கு வந்த நாட்களில் அவர் பேராதனையில் வைரஸ் ஆய்வுகூடமொன்றை வளர்த்துக்கொண்டிருந்தார். இறந்த உடலில் வைரஸ் பெருகாது என்று அவர் தெளிவாகக் கூறினார். இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் எனக் கருத்து வெளியிட்டது. எனினும் அவ்விதி 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிய வர்த்தமானி வரை நீடித்தது. அதன் பின்னரும் அடக்கம் ஓட்டமாவடியில் மட்டுமே நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டது. கண்டியிலிருந்தும் உடல்கள் கிழக்குக்குக் கொண்டு செல்லப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. விதியை இயற்றியோர் அறியாமையால் இயற்றினரா, அறிந்தே இயற்றினரா என்பதை வாசகர்களின் முடிவுக்கு விடுகிறோம். மக்கள் அனைவரும் வைரஸின் தன்மையை அறிந்திருந்தால் அத்தகைய காரணத்தைப் பகிரங்கமாகக் கூறும் துணிவு எவருக்கும் வந்திராது என்பது மட்டும் உறுதி.

சடப்பொருளிலிருந்து உயிர் கட்டப்பட்டது என்னும் ஆராய்ச்சி இறை நம்பிக்கைக்கு மாறானதல்லவா என்ற ஐயமும் வாசகர் சிலருக்கு எழலாம். மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்பதை வேதங்களிற் கற்று வளர்ந்தோரே எம்முள் பெரும்பாலோர். மண் எவ்வழியாக உயிர்ப்பொருளாயிற்று என்று பொன்னம்பெரும தேடினார். படைத்தவன் யார், ஏன் படைத்தான் என்பன அவரது குடுவைக்குள் அடங்கும் வினாக்களல்ல.

அவரது இறுதி ஆண்டுகளில் அவருக்கு உறுதுணையாய் அமைந்த தளம் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலிருந்தது. 1979 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தானிய பௌதிகவியலாளர் அப்துஸ் ஸலாம் வறிய நாடுகளின் விஞ்ஞானிகளுக்கென 1964 ஆம் ஆண்டு அங்கே நிறுவிய ஆய்வு நிலையம் அது. உயிரினங்களின் அமினோ அமிலங்கள் ஏன் இடக்கை வடிவத்தையே தேர்ந்தன என்ற புதிர் ஸலாமையும் ஈர்த்தது. அணுவினுள் இயங்கும் நலிந்த விசையிடம் அதற்கான விடை இருக்கலாம் என்று அவர் 1991 ஆம் ஆண்டு எழுதினார். அக்கருத்து இன்னும் நிறுவப்படவில்லை. காலியிற் பிறந்த இரசாயனவியலாளரும் பஞ்சாபின் ஜங் நகரத்துப் பௌதிகவியலாளரும் மேர்ச்சிசன் கல் எழுப்பிய அதே கேள்வியில் வந்து சந்தித்தனர். 1992 ஆம் ஆண்டு முதல் திரியெஸ்தேயில் நடந்த இரசாயனப் பரிணாம மாநாடுகளைப் பொன்னம்பெரும, ஜுலியன் செலா புளோரெஸுடன் இணைந்து முன்னின்று நடத்தினார்.

அவரது முடிவுகள் யாவும் அப்படியே நிலைத்துவிடவில்லை. ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் மெதேனும் அமோனியாவும் அவர் தலைமுறையினர் எண்ணிய அளவுக்கு நிறைந்திருக்கவில்லை என்பதே இன்றைய புவியியலாளர் பலரின் கணிப்பு. செங்கற்கள் கிடைத்துவிட்டன, வீடு எவ்வாறு எழுந்தது என்பது இன்னும் விளங்கவில்லை. புரதமும் நியூக்கிளிக் அமிலமும் செய்துகொண்ட முதல் அறிமுகம் பற்றிய அவரது வினாவும் திறந்தே கிடக்கிறது.

1994 ஆம் ஆண்டு டிசெம்பர் 20 ஆம் திகதி வொஷிங்டனில் அவர் காலமானார், வயது 71. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் திரியெஸ்தேயில் நடந்த மாநாடு அவரது நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. ஹந்தானை நிறுவகம் 2014 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தேசிய நிறுவகமாயிற்று.

மேர்ச்சிசன் விண்கல்லில் நியூக்கிளிக் அமிலத்தின் ஐந்து எழுத்துக்களும் உண்டு என்று அவர் 1983 ஆம் ஆண்டு அறிவித்தபோது அதனை ஐயுற்றோர் பலர். 2022 ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் மிக நுண்ணிய கருவிகளைக் கொண்டு அதே கல்லை மீண்டும் ஆராய்ந்து, அதுவரை பிடிபடாதிருந்த சைற்றோசினையும் தைமினையும் அங்கே கண்டனர். 2023 ஆம் ஆண்டு நாசாவின் விண்கலம் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து, பூமியின் காற்று படாதவாறு மூடிக் கொண்டுவந்த மண்ணின் ஆய்வு முடிவுகள் 2025 ஜனவரியில் வெளியாயின. எமது புரதங்களை ஆக்கும் 20 அமினோ அமிலங்களுள் 14 அதில் இருந்தன. ஐந்து எழுத்துக்களும் இருந்தன.